வண்டி கடைசியில் வரட்டும்

மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் யாரையும் வேலைக்குப் பிடிக்க முடியாது. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள்கூட குலசாமி கும்பிட ஊர் வந்துவிடுவார்கள். ஊரில் இருக்கிறவர்கள் சாமிப் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார்கள். அப்படியொரு சிவராத்திரிக்கு மறுநாள், டயாலிசிஸுக்கு மதுரை போக வேண்டிய ஒரு பெரியவர் காலை ஐந்தரை மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வண்டி வரவில்லை. வழக்கமாக வரும் தம்பி இரவு முழுக்கக் கோயிலில் கண் விழித்துவிட்டு அசந்து தூங்கிவிட்டான். போன் சைலன்டில் கிடந்தது. அவன் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்ற விவரமும் அந்த போனுக்குள்தான் இருந்தது.

பெரியவரை வாடகைக் கார் பிடித்து அழைத்துப் போனார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருகிற, எனக்குத் தெரிந்த அந்தத் தொண்டர் குழு தன்னைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மதுரையைச் சுற்றி இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. பல 2020, 2021 கொரோனா காலத்தில் முளைத்தவை. ஊரில் கார் வைத்திருந்த நாலைந்து பேர் நோயாளிகளை ஏற்றி இறக்கினார்கள். கொரோனா போன பிறகும் போன் வருவது நிற்கவில்லை. கண் ஆபரேஷனுக்குப் போகிற அப்பத்தா, கீமோ போட்டுக்கொள்கிற அக்கா, மாதா மாதம் மாத்திரை வாங்க பெரியாஸ்பத்திரி போகிறவர் என்று பட்டியல் நீண்டது. ஆரம்பித்த உற்சாகம் இரண்டு மூன்று வருடம் தாங்கும். அதற்குள் ஒருத்தன் வெளிநாடு போவான், ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகும், ஒருத்தன் காரை விற்றுவிடுவான்.

அரசு வசதிகள் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்று கேட்கலாம். 108 ஆம்புலன்ஸ் 2008இலிருந்து தமிழ்நாட்டில் இலவசமாக ஓடுகிறது, ஆனால் அது அவசரத்துக்கு. வாரம் மூன்று நாள், குறித்த நேரத்துக்கு, நடமாட்டத்தோடு இருக்கிற ஒருவரை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட அதைக் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இல்லை. பெரிய உதவிதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டில் போகிறது, வீடு உள்ளே மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது, 2025இல் தடத்தின் நீளத்தைக் கூட்டிப் புதுப்பித்தார்கள். மினி பஸ்காரருக்கும் கணக்கு இருக்கிறது. பத்து பேர் ஏறாத தடத்தில் அவர் எத்தனை நாள் ஓட்டுவார்?

ஒரு குழு முதலில் செய்ய வேண்டியது, தனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்று பிரித்துப் பார்ப்பதுதான். செக்கானூரணி ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டால் மதுரைக்குத் தானே போய்விடக்கூடியவர்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு டூவீலரோ ஆட்டோவோ. மதுரை வரை காரில் கொண்டு விட்டால் அது பெருந்தன்மையாகத் தெரியும், பத்து மடங்கு செலவு வைக்கும். டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிறவர் அப்படி இல்லை. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது சிலருக்குத் தலை சுற்றும், கால் நிற்காது. அவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாசலில் ஏற்றி வாசலில் இறக்கியாக வேண்டும்.

அந்த ஒரு ஆளின் கணக்கைப் பார்ப்போம். எழுமலை, பேரையூர்ப் பக்கத்துக் கிராமம், மதுரைக்கு ஒரு வழி 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போய் வர 90. லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி, பெட்ரோல் 100 ரூபாய் என்று முழுசாகப் போட்டால் 600 ரூபாய். வாரம் மூன்று தடவை, வருடத்துக்கு 156 தடவை. 93,600 ரூபாய். பெட்ரோல் மட்டும்தான் இது. டயர், ஆயில், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டி தேய்வது எல்லாம் வண்டிக்காரத் தம்பியின் கையிலிருந்து சத்தமில்லாமல் போகிறது. இறக்கிவிட்டு ஊருக்கு வந்து மறுபடி கூட்டிவரப் போனால் ஓட்டம் இரட்டிப்பு. காத்திருந்தால் அரை நாள் கூலி போச்சு.

இதே ஊர்ப் பக்கத்தில் மூன்று நோயாளிகள் இருந்து, ஒருவர் திங்கள் காலையும், ஒருவர் செவ்வாய் காலையும், மூன்றாமவர் திங்கள் மதியமும் போனால் செலவு 2,80,800. மூவரும் ஒரே நாள், ஒரே ஷிப்ட் என்று ஆனால் அதே 93,600தான். ஆக, டயாலிசிஸ் பிரிவில் முறை ஒதுக்குகிறவரிடம் போய் உட்கார்ந்து, "அக்கா, இந்த மூணு பேரும் ஒரே வண்டி, ஒரே ஷிப்டுல போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிட்டால், வருடத்துக்கு 1,87,200 ரூபாய் நன்கொடை வாங்கிய மாதிரி. இடம் காலியாகும்போது மாற்றிக் கொடுக்க அவர்களும் பெரும்பாலும் தயங்குவதில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. நோயாளி கேட்க மாட்டார், இருக்கிற முறையும் போய்விடுமோ என்று பயம்.

அடுத்தது சட்டம். நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது, இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளை போர்டு வண்டியில், அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியில், காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் அது வாடகை ஓட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கு பெர்மிட் வேண்டும். இல்லாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். சொந்தக் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும். விபத்து நடந்து, உள்ளே இருந்தவர் "டிரிப்புக்கு முந்நூறு ரூபா கொடுப்போம்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால், நஷ்ட ஈடு தொண்டு செய்த தம்பியின் வீட்டுப் பத்திரத்தின் மேல் வந்து நிற்கலாம். பெட்ரோலுக்கு மட்டும்தானே வாங்கினோம் என்ற வாதம் எடுபடும் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது.

சில நாடுகளில் இதற்கென்று தனி வழியே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1985 போக்குவரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, லாப நோக்கமில்லாத அமைப்புகள் முழு ஆபரேட்டர் உரிமம் இல்லாமலே கட்டணம் வாங்கி வண்டி ஓட்ட அனுமதிக்கிறது. ஜப்பானும் 2006இல் கிட்டத்தட்ட அப்படியொரு ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்த்தது. இங்கே சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டு, வாடகைக்கு மஞ்சள் போர்டு என்ற இரண்டுக்கும் நடுவில், நம் தம்பிகளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதவு இல்லை. ஒரே ஒரு விஷயம் சுலபமாகியிருக்கிறது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. மஞ்சள் போர்டு வண்டி இருந்தால் தொண்டர் ஓட்டுவதற்குத் தடை இல்லை.

ஆனால் தொண்டர் எதற்கு ஓட்ட வேண்டும்? இதைத்தான் அந்தக் குழுவிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஊரில் ஸ்டாண்டில் மஞ்சள் போர்டு வண்டிகள் சவாரிக்காக நிற்கின்றன. இலவச வண்டி ஓடுவதில் அந்த டிரைவர்களுக்கு உள்ளூர வருத்தம். சும்மாவா இருக்கும்? அவர்கள் பிழைப்பில் கை வைக்கிறீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு யாராவது தகவல் சொன்னால் யார் சொன்னது என்று தேட வேண்டியதில்லை. அதே டிரைவரிடம், "அண்ணே, வாரம் மூணு நாள் நிச்சயமான சவாரி, வெயிட்டிங்கோட சேத்து ஒரே ரேட், மாசம் பிறந்தா அஞ்சாம் தேதி பணம்" என்று பேசினால் அவர் கணக்குப் போடுவார், குறைத்துக் கொடுப்பார். ஒன்று கவனிக்க வேண்டும். முழு வண்டியையும் குழு ஒரே வாடகைக்குப் பேச வேண்டும். டிரைவர் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அது வேறு வகை பெர்மிட் சமாச்சாரம்.

தொண்டர்கள் துணைக்குப் போகட்டும். பெரியாஸ்பத்திரிக்குள் ஒரு கிராமத்து முதியவருக்கு வண்டியைவிட அவசரமாக வேண்டியது கூட ஒரு ஆள். ஓ.பி. சீட்டு எங்கே, எக்ஸ்ரே எந்தக் கட்டடம், ரிப்போர்ட்டை எந்த ஜன்னலில் வாங்குவது, டாக்டர் சொன்னது என்ன, அடுத்து எப்போது வரச் சொன்னார்கள், இதையெல்லாம் பார்க்க ஒரு ஆள். கார் இல்லாதவர்களும் இந்த வேலைக்கு வரலாம். பெண்கள் வரலாம், அவர்கள் இலவச பஸ்ஸிலேயே போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். நாலு கார்க்காரர்களை நம்பியிருந்த குழு நாற்பது பேரை நம்பும் குழுவாக மாறுவது இப்படித்தான்.

மதுரைக்கு இது புதிய பாடமும் இல்லை. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் நடத்துவதில் வேலையைப் பிரித்துக்கொண்டது. ஊரில் ஆள் திரட்டுவதும் இடம் பிடிப்பதும் உள்ளூர் அமைப்பு ஒன்றின் பொறுப்பு. பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கண்புரை இருப்பவர்களை பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் ஏழைகள் வந்துவிட மாட்டார்கள், வழிச்செலவும் துணையும் கூடவே வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

சரி, பணம். மேலே சொன்ன மூன்று பேர் வண்டிக்கு டிரிப்புக்கு 2,000 ரூபாய் பேசியதாக வைத்தால் வருடத்துக்கு 3,12,000. நம் ஊர்களில் இதைத் திரட்டத் தெரியாமல் இல்லை. கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு இதைவிடப் பல மடங்கு ஒரே வாரத்தில் வசூலிக்கிறோம். மாதம் வீட்டுக்கு 50 ரூபாய், 400 வீடு என்றால் வருடத்துக்கு 2,40,000. மூன்று குடும்பங்களும் டிரிப்புக்கு 150 ரூபாய் கணக்கில் மாதாமாதம் குழுவுக்குக் கொடுத்தால் 70,200. கூட்டினால் 3,10,200. கிட்டத்தட்ட வந்துவிட்டது.

தலைக்கட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். ஒரு சாதியின், ஒரு கோயிலின் பட்டியல் அது. அதை வைத்து வசூலித்தால் வண்டி காலனிக்குள் போகாது. போனாலும் ‘அவங்க வரி கட்டலையே’ என்ற பேச்சு வரும். புதிதாக ஒரு நோட்டுப் போட்டு, எல்லாத் தெருவையும் எழுதி, 50 ரூபாய் முடியாத வீட்டுக்குப் பத்து ரூபாய் என்றாலும் பெயர் இருக்கும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யத் தயங்கிய குழுக்கள் நல்ல குழுக்களாகவே இருந்து, பாதி ஊருக்கு மட்டும் ஓடி, நின்றும் போயிருக்கின்றன.

சிறு தொகையை நம்பலாமா என்று சந்தேகப்படுகிறவர்கள் களஞ்சியத்தைப் பார்க்கலாம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் கூலி வேலை செய்த பெண்களின் கைச்சேமிப்பில் எழுந்தவை. களஞ்சியத்தை வழிநடத்திய, அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு 2001இல் பிரதமர் வாஜ்பாய் வணங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் வாரா வாரம் கூடி, கணக்கைச் சத்தமாக வாசித்த பெண்களின் பழக்கம் இருக்கிறது. அதைத்தான் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் பற்றி ஒரு குறிப்பு. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற மச்சான் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும், அதற்குத் தனி அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. ‘நம்ம பையன்தானே’ என்பது அங்கே செல்லாது.

பணம் யார் கணக்குக்கு வருகிறது என்பது இன்னொன்று. பெரும்பாலான குழுக்களில் ஆரம்பித்தவரின் ஜிபே நம்பருக்கு வரும். அவர் யோக்கியராகவே இருப்பார். ஆனாலும் இரண்டு வருடத்தில் நாலைந்து லட்சம் அவர் பான் நம்பரில் ஏறியிருக்கும், வீடு கட்ட ஆரம்பித்தால் டீக்கடையில் பேச்சு கிளம்பும். பதிவு செய்வதே அவருக்கு நல்லது. டிரஸ்ட் சுலபம், பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். அதனாலேயே எல்லாரும் டிரஸ்ட் என்று போகிறார்கள். நான் சங்கத்தைத்தான் சொல்வேன். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தொந்தரவுதான் அதன் நன்மை. டிரஸ்ட் பத்திரங்களில் நிறுவனர் ஆயுள் முழுக்கப் பொறுப்பில் இருப்பார், அவருக்குப் பின் மகன் என்று எழுதிவிடுகிறார்கள். ஊர்ப் பொது வண்டி குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிடும். டிரஸ்ட்தான் என்று முடிவானால், பொறுப்புக்கு மூன்று வருடம் என்று காலம் குறித்து எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து.

அமைப்புக்கும் நன்கொடை கொடுப்பவருக்கும் வருமான வரியில் சலுகை தரும், 12ஏபி, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய பதிவுகள் அதற்குப் பிறகு. முதலில் தற்காலிகமாகத்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச் சலுகை இல்லை என்பதை ரசீது போடுகிறவர் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் கேட்க, இந்தப் பதிவுகளோடு பொதுவாக மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். முதல் மூன்று வருடம் அந்தப் பக்கம் அலைந்து நேரத்தை விட வேண்டாம்.

முதல் சம்பளம் யாருக்கு? டிரைவருக்கு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். போன் எடுத்து நோட்டு எழுதுகிறவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். மாதம் 6,000 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 72,000. நன்கொடையாளர்களிடம் கேட்க வேண்டியது இதை. மகளிர் குழுக் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் எந்த ஊரிலும் உண்டு, தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு வரும். "நாங்க எல்லாரும் சும்மா போறோம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் சம்பளமா?" என்று அந்தக் குழுவிலும் கேட்டார்கள். அந்தப் பிள்ளை ஒரு வாரம் தன் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது கேட்டவரே போனை வைத்திருந்தார். நாலாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் எழுதும் நோட்டு மொய் நோட்டு மாதிரிதான். எந்தத் தேதி, யாரை, யார் அழைத்துப் போனது, எத்தனை மணி நேரம். விசேஷ வீட்டில் யார் என்ன செய்முறை செய்தார்கள் என்று இருபது வருடம் கழித்தும் நம்மால் பார்க்க முடிகிறது. போன மாதம் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனது யார் என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் தேட வேண்டியிருக்கிறது. அந்த நோட்டிலேயே ஒரு பக்கம் ஆள் கிடைக்காத நாட்களுக்கு. தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று பையன்கள் ஜல்லிக்கட்டுக்குப் போய்விடுவார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஆள் இருந்தாலும் மதுரைக்குள் வண்டி நுழைவது கஷ்டம். பெரிய முகூர்த்த நாட்கள் வேறு. டயாலிசிஸுக்கு லீவு கிடையாது.

இன்னொரு பக்கம், முடியாது என்று சொல்ல வேண்டியவற்றுக்கு. நெஞ்சு வலி, பிரசவ வலி, விபத்து என்றால் 108. குழு வண்டி கிளம்பி வந்து நேரம் போய்விட்டால் அந்தப் பழியிலிருந்து எந்தக் குழுவும் மீளாது. கட்சிக் கூட்டத்துக்கும் காதுகுத்துக்கும் வண்டி இல்லை. வார்டு உறுப்பினரின் மாமனார் என்றாலும் வரிசைதான்.

அப்புறம்தான் வண்டி. அந்தக் குழுவுக்கு ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வேன் வாங்கித் தருவதாகச் சொன்னார், பக்கவாட்டில் அவர் அப்பா பெயர் பெரிதாக எழுத வேண்டும். பையன்களுக்கு ஒரே சந்தோஷம். வேன் வந்த அன்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து டிரைவர் பேட்டா, டேக்ஸ், பெர்மிட், இன்சூரன்ஸ், எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பிறகு வருடா வருடம் எஃப்.சி. இதற்கெல்லாம் யாரும் அப்பா பெயர் எழுதச் சொல்லிப் பணம் தருவதில்லை. வாரம் ஐந்து நாளாவது வண்டி நிறைகிறது என்று நோட்டு காட்டும்வரை வேன் வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் நோட்டு எழுதும் பிள்ளைதான் நோட்டையே எடுத்துக்கொண்டு போனாள். "ஐயா, மூணு பேருக்கு ஒரு வருஷ வண்டி வாடகை இவ்வளவு ஆகுது. வீட்டு வசூல் இன்னும் பாதிதான் வருது. மீதிய நீங்க ஏத்துக்கங்க. ரசீதுலயும் மாசக் கணக்குலயும் உங்க அப்பா பேரப் போட்டுருவோம்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒப்புக்கொண்டார்.

இப்போது மூன்று பேரும் ஒரே ஷிப்ட். திங்கள், புதன், வெள்ளி, காலை ஐந்தரை. வரப்போகிற சிவராத்திரிக்கு மறுநாள் யார் என்று நோட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. வண்டிக்காரருக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம். அவர்கள் சாஸ்தாவுக்குப் பங்குனி உத்திரம்தான் விசேஷம்.